பதில் வராவிட்டால்

மார்ச் 11, திங்கள்

இன்று பகல் நான் பல் பிடுங்கப் போயிருந்த நேரத்தில், என் மண்டியில் அடுக்கியிருந்த குண்டு மிளகாய் மூட்டை அத்தனையும் விற்றுப்போய்விட்டது. விற்றது நான் இல்லை. கணக்குப்பிள்ளை நாகலிங்கம் இல்லை. மூட்டைக்குச் சொந்தக்காரர்களான சம்சாரிகளும் இல்லை. செயலி விற்றிருக்கிறது.

எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். புத்தி பேதலித்தவன் எழுதியது மாதிரி இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான்.

மூட்டையில் ஒன்றுகூட என்னுடையது அல்ல. கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துச் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த மிளகாயைக் காயவைத்துப் பரமக்குடிக்குக் கொண்டுவந்து என் மண்டியில் இறக்கிவிட்டுப் போவார்கள். வாங்க வருகிறவர் விலை சொன்னால், சம்சாரியைக் கேட்டு விற்றுக்கொடுத்துத் தரகு எடுப்பது என் தொழில். மூட்டை தூக்கிய தோளோடு ஆரம்பித்தவன் நான். சொந்தச் சரக்கு வாங்கிப் போட அன்று கையில் முதல் இல்லை, பிறகு பணம் வந்தபோது புத்தி அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்தவன் மூட்டையை நம்பித்தான் இந்தக் கட்டடமே நிற்கிறது.

இந்தப் பருவத்தில் அதையே போனிலும் வைக்கலாம் என்று செயலி செய்யச் சொன்னேன். வாங்குகிறவர் தன் போனில் விலை போடுவார். உடனே சம்சாரியின் போனில் ‘கொடுக்கலாமா?’ என்று கேள்வி போகும். கீழே ‘கொடு’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான். ஒரு மாதம் ஒத்திகை பார்த்தோம். இன்றுதான் நிஜச் சரக்கோடு முதல் நாள். முதல் நாள் பார்த்துத்தான் கடைவாய்ப்பல் உயிரை எடுத்தது.

டாக்டர் பல்லை எடுத்துப் பஞ்சை அடைத்துவிட்டார். பாதி முகம் மரத்துக் கிடக்கிறது. அப்போது மதுரைத் தரகர் சவுந்தர் போன் பண்ணினான். மசாலா மில்களுக்கு வாங்கிக் கொடுக்கிற ஆள்.

“அண்ணாச்சி, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?” என்றான். “நான் எப்பவும்போலச் சும்மா முதல் வெல பதினாலாயிரம்னு எல்லாத்துக்கும் போட்டு வச்சேன். எல்லா மூட்டைக்கும் குடுத்தாச்சுன்னு வருது.”

இன்று மார்க்கெட் குவிண்டாலுக்குப் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. சவுந்தர் தினமும் இப்படி அடிமட்டத்தில்தான் பேச்சைத் தொடங்குவான். நாம் சிரித்துவிட்டு வேண்டாம் என்போம். அதற்குப் பிறகு ஏறி வருவான்.

நான் “ம்ம்ம்” என்றேன். வேறு சத்தம் வரவில்லை.

“நெசமாத்தானா?”

“ம்ம்ம்ம்.”

“சரி அண்ணாச்சி. அப்ப லாரிய ஏத்தச் சொல்றேன்.”

பஞ்சைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனேன். டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அரை மணி நேரம் கடிச்சிட்டே இருக்கணும் ஐயா” என்றார். ஆட்டோ பிடித்து மண்டிக்கு வந்து சேர்ந்தபோது முதல் லாரி போய்விட்டது. சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் பாதி இடம் வெறும் தரை. இரண்டாவது லாரிக்கு மூட்டை ஏற்றப் பலகை போட்டிருந்தார்கள். நான் பலகை மேல் ஏறி நின்றுகொண்டேன்.

“நீங்க ஒத்துக்கிட்டதாச் சவுந்தர் சொன்னாப்ல. செயலிலயும் பச்சையா வந்துச்சு” என்றான் நாகலிங்கம். அவனைத் திட்டக்கூட என்னால் முடியவில்லை. எச்சிலும் ரத்தமும்தான் வந்தது.

நாளைக்குச் சம்சாரிகள் வருவார்கள். அவர்கள் மீதி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் இந்த மண்டி அத்தோடு முடிந்தது.

மார்ச் 12, செவ்வாய்

காலையிலேயே பெஞ்சுகளை உள்ளே எடுத்துப் போடச் சொன்னேன். தராசுப் படிக்கற்களையும் உள்ளே வைக்கச் சொன்னேன். கோபத்தில் கைக்கு எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஜெயராணியிடம் இரண்டு நாள் தங்கை வீட்டில் இருந்துவிட்டு வா என்றேன்.

“அடி விழுந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு ஆளு வேணாமா?” என்று கேட்டுவிட்டு எனக்குக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வருடம் குடும்பம் நடத்திய பேச்சு.

பத்து மணிக்கு ரிஸ்வானா இளையான்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தாள். செயலியைச் செய்தவள் அவள்தான். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, பிள்ளை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை எடுத்துச் செய்கிறாள். முகம் வெளுத்துப்போய் வந்தாள். வந்ததும் மடிக்கணினியைத் திறந்தவள் ஒரு மணி நேரம் தலை தூக்கவில்லை. பிறகு, “அண்ணாச்சி, ஆளே இல்ல” என்றாள்.

“எந்த ஆளு?”

“பதில் சொல்ற ஆளு.”

அவள் சொன்னதை என் பாஷையில் எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். போன் திரையில் மூட்டைகள் வரிசையாகத் தெரிகிறதே, அந்தப் பட்டியலை ரிஸ்வானா செய்யவில்லை. அதை உலகத்துக்கெல்லாம் பொதுவாக யாரோ ஒரு தடவை செய்து வைத்திருக்கிறார்கள். மிளகாய் விற்கிறவனும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறான், சினிமா டிக்கெட் விற்கிறவனும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறான். தராசு செய்கிறவன் நீ என்ன நிறுக்கப்போகிறாய் என்று கேட்பதில்லை அல்லவா. ஆகையால் அந்தப் பட்டியலுக்குச் சொந்த முடிவு கிடையாது. யாராவது விலை போட்டால் அது தன் பக்கத்தில் இருக்கிற ஒருவரைத் திரும்பிப் பார்த்து, ‘இப்படி ஒரு விலை வந்திருக்கிறது, விடலாமா?’ என்று கேட்கும். அந்த ஒருவர் யார் என்பதை ஒவ்வொரு கடைக்காரனும் தானே நியமித்துக்கொள்ள வேண்டும். அவருக்குப் பெயர் பிரதிநிதி. என் செயலியில் அந்தப் பிரதிநிதியின் வேலை, கேள்வியைச் சம்சாரியின் போனுக்கு அனுப்பி, பதில் வாங்கி, பட்டியலிடம் சொல்வது.

“நம்ம நாகலிங்கம் மாதிரியாம்மா?” என்றேன். மண்டியில் விலை கூவுகிறவன் நாகலிங்கம். மூன்று தடவை விலையைச் சொல்வான், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற சம்சாரியைப் பார்ப்பான், தோளில் கிடக்கிற துண்டை எடுத்து மூட்டை மேல் போடுவான். துண்டு விழுந்தால் சரக்கு போனது.

“ஆமா அண்ணாச்சி. பட்டியல்தான் நாகலிங்கம் அண்ணன். நாற்காலில இருக்கிறவருதான் பிரதிநிதி. நேத்து நாற்காலி காலி.”

“அவன் எங்க போனான்?”

இங்கேதான் என் தலை சுற்றியது. பட்டியல் அந்தப் பிரதிநிதியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளாதாம். பெயரளவுக்குத்தான் தெரிந்துவைத்திருக்குமாம். வேறு யாராவது அவனைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். சனிக்கிழமை ஏதோ ஒழுங்குபடுத்துகிறேன் என்று ரிஸ்வானா அவனை இடம் மாற்றியிருக்கிறாள். புது இடத்தில் அவனைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. வேலைக்கு ஆளைக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு, சம்பளம் பேசாமல் விட்ட கதை. அடுத்த நிமிடமே எழுந்து போய்விட்டான்.

“இறுக்கிப் பிடிச்சா என்ன கொறஞ்சு போகும்?” என்றேன்.

“அவரும் பட்டியலப் பிடிச்சிருப்பாரு, பட்டியலும் அவரப் பிடிச்சிருக்கும். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் விடாம உக்காந்துட்டா, வேல முடிஞ்சும் எந்திரிக்க மாட்டாங்க. போன்ல எடம் ரொம்பிரும்.”

கல்யாணப் பந்தியில் ‘நீங்க எந்திரிங்க, நீங்க எந்திரிங்க’ என்று இரண்டு சம்பந்திகள் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்தியை நிறுத்தி வைத்திருப்பார்களே, அது. புரிந்தது. புரிந்ததில் கோபம் குறைந்துவிடவில்லை.

சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

மார்ச் 13, புதன்

வந்தார்கள்.

விற்றாச்சு என்று எல்லாருடைய போனுக்கும் செய்தி போயிருக்கிறது. கேள்விதான் போகவில்லை. காலை பஸ்ஸில் ஏழெட்டுப் பேர், மதியம் இன்னொரு கூட்டம். நான் வாசலிலேயே நின்று கைகூப்பினேன். என்ன சொல்ல வேண்டும் என்று ராத்திரியே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வீங்கின வாயோடு தொடங்கினேன்.

“பல்லா அண்ணாச்சி? கிராம்பு வைங்க” என்றார் கீழராமநதிப் பக்கத்திலிருந்து வருகிற சோணைமுத்து. பிறகு உள்ளே போய் நாகலிங்கத்திடம் சீட்டு வாங்கினார். பதினாலாயிரம் என்று போட்ட சீட்டை நெற்றிக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கைகழுவுகிற தொட்டியில் தண்ணீர் குடித்தார். புறப்பட்டார்.

அவருக்குப் பின்னால் வந்தவரும் அப்படித்தான். அதற்கடுத்தவரும் அப்படித்தான். ஒருவர் மட்டும், “வெல சரிஞ்சுபோச்சோ?” என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவரே, “என்னத்த, வருசா வருசம் இப்பிடித்தான்” என்று சொல்லிக்கொண்டார்.

முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதுவதில் என்ன வெட்கம், மிகவும் நிம்மதியாக இருந்தது. பெஞ்சுகளைத் திரும்ப வெளியே போடச் சொன்னேன்.

பிறகுதான் இருப்புக் கொள்ளவில்லை. சோணைமுத்து பஸ் ஏறப் போனவரை ஆள் விட்டுக் கூப்பிட்டேன். “மாமா, கேள்வி வரும், நீங்க பொத்தான அமுக்கணும்னு சொல்லியிருந்தேன்ல. கேள்வி வரலைன்னு ஒங்களுக்குத் தெரியலையா?”

“தெரியுமே.”

“அப்ப ஏன் கேக்கல?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் ஏதோ பரீட்சை வைக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. “எப்பவும்போலத்தான் வித்திருக்கீகன்னு நெனச்சோம்” என்றார். “பஸ்சு போயிரும் அண்ணாச்சி. வரட்டுமா?”

மார்ச் 14, வியாழன்

கஞ்சி. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். எப்பவும்போல என்றால் என்ன அர்த்தம்?

மார்ச் 15, வெள்ளி

மிளகாய் இன்று இருபதாயிரத்தைத் தொட்டது. எங்கள் கிட்டங்கியில் விற்றும் போகாத, விற்காமலும் இல்லாத பாதிச் சரக்கு கிடக்கிறது. எலிப்பொறி இரண்டு வாங்கினோம்.

ரிஸ்வானா போன் பண்ணினாள். பிரதிநிதியை இப்போது பத்திரமாகப் பிடித்துவைத்துவிட்டாளாம்.

“சனிக்கெழம மாத்துனதும் நீ போட்டுப் பாக்கலையாம்மா?” என்று கேட்டேன். நான்கு நாளாக வாயில் வைத்திருந்த கேள்வி.

“பாத்தேன் அண்ணாச்சி. ஒரு வெல போட்டேன். விற்றாச்சுன்னு வந்துச்சு. ஒத்திகைல எப்பவும் அதுதான வரும்னு விட்டுட்டேன். அது என் தப்பு.” அதோடு இதையும் சொன்னாள். “ஒத்திகை ஒரு மாசம் நடந்துச்சுல்ல. நீங்க வாங்குறவரா இருந்தீங்க, நாகலிங்கம் அண்ணன் சம்சாரியா இருந்தாரு. ஒரு தடவகூட அவரு ‘வேண்டாம்’ அமுக்கவே இல்ல. பழைய பதிவெல்லாம் பாத்தேன். ஒரு தடவகூட.”

நாகலிங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒத்திகைதானே, விற்கிற மண்டியில் வேண்டாம் என்று அமுக்க என்ன வேலை என்றான். எனக்கும் அன்று அது தப்பாகத் தெரியவில்லை.

“சரி, நாற்காலி காலி. ஆளு இல்ல. ஆளு இல்லைன்னா நிக்க வேண்டியதுதான? அது ஏன் வித்துச்சு?” என்று மறுபடி போனில் ரிஸ்வானாவைக் கேட்டேன்.

அந்தப் பக்கம் பிள்ளை அழுவது கேட்டது. யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தாள்.

“பதில் வரலைன்னா எதுன்னு எடுத்துக்கணும்னு நாம முன்னாடியே சொல்லி வைக்கணும் அண்ணாச்சி. அத ஒங்ககிட்டக் கேட்டேன். டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்தோம். எங்க மண்டியில பேசாம இருந்தாக் குடுத்த மாதிரிதான், அப்படியே வையின்னு சொன்னீங்க.”

சொன்னேன். அன்று வடை சூடாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. எல்லா மண்டியிலும் உள்ள வழக்கம்தான் அது, நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அதை அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். “ஆமா அண்ணாச்சி” என்றாள்.

மார்ச் 16, சனி

மதுரைக்குப் போனேன். சவுந்தர் கடையில் இளநீர் வெட்டிக் கொடுத்தான். மரியாதைக்குக் குறைவில்லை. முதல் லாரிச் சரக்கு அன்றைக்கே மில்லுக்குப் போய்ப் பொடியாகிவிட்டது.

“நீங்கதான அண்ணாச்சி ம்ம்னு சொன்னீங்க.”

“வாயில பஞ்சு இருந்துச்சுய்யா.”

“எனக்கு எப்பிடித் தெரியும்? வேணாம்னா ஒரு மனுசன் எப்பிடியாச்சும் வேணாம்னு சொல்லிருவான்ல. போனக் கட் பண்ணலாம். பக்கத்துல இருக்கிறவன்கிட்டக் குடுக்கலாம். ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் வேணாம்னு சொல்லலைன்னா நான் என்னன்னு எடுத்துக்கிறது?”

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டு அவனிடம் காரியம் ஆகாது. அடுத்த பருவம் முழுக்க உனக்கு என் வாசல் கிடையாது என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு கிட்டங்கியில் கிடக்கிற பாதிக்கு உரிமை கேட்கமாட்டேன் என்று இறங்கி வந்தான். போனது போனதுதான் என்றான். கை கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் மானாமதுரை தாண்டும் வரை அவன் பேச்சே காதில் ஓடிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றால் சொல்லியிருக்கலாமே என்கிற அந்த வாதம் எனக்கு மிகவும் பழக்கமான வாதம். எங்கே கேட்டேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கேட்டதாக ஞாபகம் இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

மண்டி விடுமுறை. தண்ணீர்த் தொட்டியைப் பாசி போகத் தேய்த்துக் கழுவினோம். போன் அடிக்கவில்லை. யாராவது ஒருவர் வந்து நன்றாகத் திட்டிவிட்டால் தேவலை என்று ஜெயராணியிடம் சொன்னேன். “நான் திட்டட்டா?” என்றாள்.

மார்ச் 18, திங்கள்

பூமயில் வந்தாள்.

அவளைப் பற்றி எழுத வேண்டும். வேப்பங்குளத்துக்காரி. சொந்தத்தில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வைத்திருக்கிறாள். தன் சரக்கோடு ஊரில் உள்ள மற்ற வீட்டுச் சரக்கையும் ஏற்றிக்கொண்டு வருவாள். என் கிட்டங்கியில் பாதி அவள் வண்டியில் வந்ததுதான். அவள் எந்த மண்டி வாசலில் வண்டியை நிறுத்துகிறாளோ அங்கே அந்த ஊரே இறங்கும். சீட்டு வாங்க வராத ஒரே ஆள் அவள். இன்றைக்கு வெறும் வண்டியோடு வந்து வாசலில் நிறுத்தினாள். ஏற்றிக்கொண்டு போகத்தான் வெறும் வண்டி வரும்.

“வாங்க தாயி. சீட்டுப் போட்டு வச்சிருக்கு” என்றேன்.

“சீட்டு கெடக்கட்டும் அண்ணாச்சி. எனக்கு ஒரு சங்கதி தெரியணும். கேள்வி வரும், பாத்து அமுக்குங்கன்னு ஊருக்கே வந்து மைக்கு வச்சுச் சொன்னீக. நானும் களத்துல நின்னாலும் போன இடுப்புலயே சொருகி வச்சிருந்தேன். கேள்வி வரலையே.”

“ஒரு கோளாறு தாயி. நம்ம பக்கம் பதில் சொல்ற ஆளு உள்ள இல்லாமப் போயிட்டான்.” ரிஸ்வானா சொன்னபடி நாற்காலிக் கதையைச் சொன்னேன். நாகலிங்கம் கூவுகிறான், பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் ஆள் இல்லை, துண்டு விழுந்துவிட்டது.

“காலி நாக்காலியப் பாத்து வித்துட்டாகளாக்கும்.”

“அப்படித்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வண்டி ஓட்டுகிறவனும் சிரித்தான். அடங்கின பிறகு சொன்னாள்: “அந்த நாக்காலில நான் பதினஞ்சு வருசமா உக்காந்திருக்கேன் அண்ணாச்சி. நான் இருந்தப்ப மட்டும் வேற என்ன நடந்துச்சு?”

நாகலிங்கம் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இந்தண்ணே மூணு வாட்டி வெலையச் சொல்லுவாரு. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே இருப்பேன். எனக்குக் கட்டுபடியாகுமா, எங்கூட ஏத்திவிட்ட வீடுகளுக்குக் கட்டுமான்னு. போட்டு முடிக்கிறதுக்குள்ள துண்டு விழுந்துரும். ஒரு நாளாச்சும் நான் சரின்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீகளா?”

“வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல தாயி.”

“சொல்லலாம். சொல்லிட்டு மூட்டைய எங்க எறக்க? மழ இருட்டுனா எந்தக் கூரைக்குக் கொண்டுபோக?”

நான் பதில் சொல்லவில்லை. அதை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாளோ தெரியாது.

பிறகு அவள் கேட்டது இது. போன லாரிக்கு அன்றைய மார்க்கெட் விலை கொடுக்க வேண்டும். இனிமேல் பதில் வராவிட்டால் விற்கக் கூடாது. போனில் மட்டும் அல்ல, துண்டு போடுகிற இடத்திலும்.

“ஒங்களுக்கு அன்னைக்கு வெலையவே போட்டுத் தந்துர்றேன்” என்றேன். அவள் ஒருத்தியின் சரக்குதானே, தாங்கலாம் என்று கணக்குப் போட்டேன். வியாபாரி மனசு வேறு எப்படிப் போகும்.

“எனக்கு மட்டும் வேணாம். பேசாமச் சீட்ட வாங்கிட்டுப் போனாக பாருங்க, அவுகளுக்குந்தான். எனக்கு மட்டும் வாங்கிட்டு நான் எந்த மூஞ்சியோட பஸ் ஸ்டாண்டுல நிக்க?”

அவர்கள் கேட்கவே இல்லையே என்றேன்.

“ஆமா, கேக்கல” என்றாள்.

இரண்டு நாள் தவணை கேட்டேன். சரி என்றாள். வண்டியை வெறுமனே திருப்பிக்கொண்டு போனாள். விருதுநகரில் ஒரு மண்டிக்காரர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். புதன்கிழமைக்குள் தீராவிட்டால் அங்கே.

மார்ச் 19, செவ்வாய்

புறவழிச்சாலையில் எனக்கு இருக்கிற இடத்தை விற்றால்தான் எல்லாருக்கும் கொடுக்க முடியும். அந்த இடம் நான் மூட்டை தூக்குவதை விட்ட வருடம் வாங்கியது. பூமயிலின் வண்டி போனால் அடுத்த பருவத்தில் இந்தக் கிட்டங்கிக்கு வாடகை கட்டவே ஆகாது. இடம் போனால் இடம்தான் போகும். இரண்டையும் எடை போட்டுப் பார்த்தேன். ஜெயராணியிடம் சொன்னேன். “அந்த எடத்துக்கு நீங்க என்னைய என்னைக்குக் கேட்டீக, இன்னைக்குக் கேக்க?” என்றாள். அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து, “வித்துருங்க” என்றும் சொன்னாள். இந்தத் தடவை அதை வாயால் சொன்னாள் என்பதற்காக எழுதுகிறேன்.

மதியம் ரிஸ்வானா வந்தாள். பதில் வராவிட்டால் ‘வேண்டாம்’ என்று மாற்றிவிட்டாள். நாகலிங்கத்திடம் போனைக் கொடுத்து, நான் பதினாலாயிரம் போட்டேன். கேள்வி வந்தது.

“‘வேண்டாம்’ அமுக்குங்கண்ணே” என்றாள் ரிஸ்வானா.

அவன் விரல் பொத்தானுக்கு மேலே நின்றுகொண்டே இருந்தது. என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டிய பிறகு அமுக்கினான். என் போனில் ‘விற்கவில்லை, விலையை மாற்றலாம்’ என்று வந்தது. பதினாறு போட்டேன். வேண்டாம். பதினெட்டு. வேண்டாம்.

“வேணாம்னு சொன்னா வெல ஏறுது அண்ணாச்சி” என்றான் நாகலிங்கம். ஏதோ புதுச் சாமானைப் பார்க்கிற மாதிரி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பதினெட்டு வருடமாக விலை கூவுகிறவன்.

“பதில் வர எவ்வளவு நேரம் காத்திருக்கணும்? ஒரு அளவு போடணும் அண்ணாச்சி” என்றாள் ரிஸ்வானா. “அஞ்சு நிமிஷமா? சாயங்காலம் வரைக்குமா?”

வாயில் ஒரு பதில் வந்தது. சொல்லவில்லை. “கேட்டுட்டுச் சொல்றேம்மா” என்றேன்.

மார்ச் 20, புதன்

குட்டியானை பத்து மணிக்கு வந்தது. அதே வெறும் வண்டி.

பூமயிலை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். எல்லாருக்கும் அன்றைய விலை. இந்த வாரம் பாதி, புறவழிச்சாலை இடம் கிரயமானதும் மீதி. பதில் இல்லாமல் விற்பனை கிடையாது. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். காத்திருக்க எவ்வளவு நேரம் வைக்கலாம் என்றும் கேட்டேன்.

அவள் பேசவில்லை.

தேநீர் வந்தது. வாங்கிக் கீழே வைத்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். மூட்டை அடுக்கைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது, கணக்குப் போடுகிறாள். இவ்வளவு நேரம் ஒரு ஆள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றுதான் என் புத்தி சொன்னது. நாகலிங்கத்துக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அவன் கை தானாகத் தோளுக்குப் போய்த் துண்டை எடுத்துவிட்டது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் தேநீரைக் குடித்தாள். எழுந்து வண்டிக்குப் போய் ஓட்டுகிறவனிடம் ஏதோ கேட்டாள். போனில் இரண்டு பேரிடம் பேசினாள். ஒரு தடவை தலையை இல்லை என்று ஆட்டினாள். நான் வாசற்படியிலேயே நின்றேன். நின்றால்தான் ஆகும் என்று இருந்தது, உட்கார முடியவில்லை.

திரும்பி வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றே சொன்னாள்.

“மொதல்ல பாதின்னு சொன்னீகள்ல, அது அவுகளுக்கு. எனக்கு இடம் கிரயம் ஆன பெறகு தாங்க. நேரத்துக்கு அளவு எதுவும் வைக்காதீக. சரி அண்ணாச்சி. நாளைக்கு வண்டி சரக்கோட வரும்.”

பேசி முடித்தது: மார்ச் 11 அன்று போன லாரிக்கு எல்லாச் சம்சாரிக்கும் குவிண்டாலுக்குப் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு, அதில் தரகு பிடித்தம் இல்லை. பாதி இந்த வாரம், மீதி கிரயம் ஆனதும். பூமயிலுக்கு முழுவதும் கிரயம் ஆனதும். போனிலும் மண்டியிலும் பதில் வருகிற வரை ‘வேண்டாம்’ என்றுதான் அர்த்தம். காத்திருக்கும் நேரத்துக்கு அளவு இல்லை.